கடல் சூடானால் கரியமில வாயு வெளியே போகாதா? பிறகு அமிலத்தன்மை எப்படிக் கூடுகிறது?

குளச்சல் பக்கத்திலிருந்து இளங்கலை வேதியியல் படிக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: "சில்லென்ற சோடாவில்தான் வாயு நிற்கும், சூடானால் போய்விடும். கடல் வருஷா வருஷம் சூடாகிறது என்கிறார்கள். அப்படியானால் கடலில் இருக்கும் கரியமில வாயு வெளியே வரவேண்டும், அமிலத்தன்மை குறையவேண்டும். ஆனால் அமிலத்தன்மை கூடுகிறது என்றும் அவர்களேதான் சொல்கிறார்கள். இரண்டில் ஒன்று பொய்தானே சார்? நம்ம கடல் சிப்பிக்கு ஏதாவது ஆகுமா?"

இரண்டும் உண்மை, தம்பி. நல்ல கேள்வியும்கூட. வேதியியல் படித்தவர்களே பலர் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சோடா உதாரணத்தில் தப்பில்லை. அது பாதிதான் சொல்கிறது. வாயு நீரில் எவ்வளவு கரையும் என்பதை நீரின் வெப்பநிலை மட்டும் தீர்மானிப்பதில்லை. நீருக்கு மேலே அந்த வாயு எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. ஹென்றி விதி என்று படித்திருப்பாய். வெயிலில் காயும் பெட்டிக்கடை சோடாவில்கூட, மூடி திறக்காதவரை வாயு உள்ளேதான் இருக்கும். மேலே இருக்கும் அழுத்தம் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. கடலுக்கு மேலே இருக்கும் காற்றில் நாம் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே வருகிறோம்.

எது எவ்வளவு என்று கணக்குப் போட்டால் குழப்பம் தீரும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு கரியமில வாயு இருந்தது. ஹவாயின் மௌனா லோவா மலையில் சார்லஸ் டேவிட் கீலிங் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது அது 315 அளவில் இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. ஆகமொத்தம் 140 பங்கு கூடியிருக்கிறது, அதாவது பாதிக்குப் பாதி. இனி கடலின் பக்கம் வா. கடல்நீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்கினால், அதில் கரைந்துள்ள கரியமில வாயு வெளியே வரத் தள்ளும் அழுத்தம் சுமார் 4 சதவீதம் கூடும். இந்த இருநூறு ஆண்டுகளில் உலகக் கடல்களின் மேல்நீர் சராசரியாக ஏறக்குறைய ஒரு டிகிரிதான் சூடாகியிருக்கிறது. 280-இலோ 420-இலோ 4 சதவீதம் என்றால் 11 முதல் 17 பங்கு. வெளியே தள்ளுவது இவ்வளவுதான். உள்ளே தள்ளுவதோ 140. எது ஜெயிக்கும் என்று கேட்கவே வேண்டாம்.

ஆக, கடல் சூடாவதால் அது வாயுவை உள்ளே இழுக்கும் வேகம் கொஞ்சம் மட்டுப்படுகிறது; திசை மாறவில்லை. இன்றைக்கும் நாம் விடும் கரியமில வாயுவில் சுமார் கால் பங்கு கடலுக்குள் போகிறது. இன்னொரு கால் பங்குக்குச் சற்று மேல் மரமும் மண்ணும் வாங்கிக்கொள்கின்றன. மிச்சம் காற்றில் தங்குகிறது.

"பனியுகம் முடிந்தபோது கடல் சூடாகித்தானே காற்றில் கரியமில வாயு கூடியது?" என்று சிலர் அடுத்த கேள்வியோடு வருவார்கள். ஆமாம், அப்போது கடலிலிருந்துதான் வந்தது. உலகம் ஐந்து டிகிரி அளவுக்குச் சூடேற, பல ஆயிரம் ஆண்டுகளில் 190 அளவில் இருந்தது 270 அளவுக்கு ஏறியது. ஐந்து டிகிரிக்கு, அதுவும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில், 80 பங்கு கொடுத்த கடல், ஒரே டிகிரிக்கு இருநூறு ஆண்டுகளில் 140 பங்கு எப்படிக் கொடுக்கும்? இன்னொன்று: கடல் கொடுத்திருந்தால் கடலில் கரைந்துள்ள கார்பன் குறைந்திருக்க வேண்டும். அளந்து பார்த்தால் அதுவும் கூடிக்கொண்டுதான் இருக்கிறது. காற்றில் ஆக்சிஜன் மிக மெல்லக் குறைந்து வருகிறது. எங்கோ எதையோ எரித்தால்தான் அது குறையும். காற்றிலுள்ள கார்பனில் 13 எடையுள்ள வகையின் விகிதமும் சரிகிறது. நிலக்கரியும் பெட்ரோலியமும் பழைய செடிகொடிகளிலிருந்தும் பாசிகளிலிருந்தும் வந்தவை. அவற்றில் அந்த வகை குறைவு. இந்த மூன்று சாட்சியும் ஒரே பக்கம்தான் கைகாட்டுகின்றன.

சரி, உள்ளே போன வாயு என்ன செய்கிறது? இதை நீ வீட்டிலேயே பார்க்கலாம். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கலக்கி, ராத்திரி முழுக்கத் தெளியவிடு. மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் ஒரு கண்ணாடித் தம்ளரில் இறு. அதில் வெறும் சோடாவைச் சொட்டுச் சொட்டாக விடு. பால்போல வெளுக்கும். அது கால்சியம் கார்பனேட். சிப்பித்தோடும் பவளமும் எதனால் ஆனவையோ அதே பொருள். பள்ளிக்கூடத்தில் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுவார்கள். நீ நிறுத்தாதே. இன்னும் சோடா ஊற்று. வெளுப்பு மெல்லக் கரைந்து தண்ணீர் திரும்பவும் தெளியும். கூடுதலாக வந்த கரியமில வாயு, கார்பனேட்டைப் பைகார்பனேட்டாக மாற்றிவிட்டது. உன் கண்முன்னால் கரைந்துபோனது தோட்டுக்கான பொருள். இப்போது அந்தத் தெளிந்த நீரை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் வாயு வெளியேறி மறுபடியும் கலங்கும். நீ கேட்ட இரண்டு விசையும் அந்த ஒரே தம்ளருக்குள் இருக்கின்றன: வாயு கரைக்கிறது, சூடு திருப்புகிறது. ஆனால் தம்ளரைத் திருப்பக் கொதிநிலை வரை போகவேண்டியிருக்கிறது என்பதைக் கவனி. ஒரு டிகிரி போதாது.

கடலிலும் இதே வேதியியல்தான், இன்னும் பொறுமையாக நடக்கிறது. கரியமில வாயு நீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலம் ஆகிறது. அது உடைந்து ஹைட்ரஜன் அயனியையும் பைகார்பனேட்டையும் தருகிறது. அந்த ஹைட்ரஜன் அயனிகளில் பெரும்பகுதியைக் கடலில் ஏற்கெனவே இருக்கும் கார்பனேட் அயனி பிடித்துக்கொண்டு தானும் பைகார்பனேட்டாகிவிடுகிறது. பிடிபடாமல் மிஞ்சும் கொஞ்சம் ஹைட்ரஜன் அயனிதான் பிஎச் அளவைக் கீழே இறக்குகிறது; பிஎச் இறங்கினால் அமிலத்தன்மை கூடியது என்று பொருள். மேல்நீரில் கரைந்துள்ள கனிமக் கார்பனில் 90 சதவீதம் பைகார்பனேட், 9 சதவீதத்தை ஒட்டிக் கார்பனேட், வெறும் வாயுவாக இருப்பது ஒரு சதவீதம் அளவு. சிப்பிக்கு அடித்தளமே அந்த ஒன்பதுதான். அதுதான் தேய்கிறது.

பிஎச் 8.2-இலிருந்து சுமார் 8.1-க்கு இறங்கியிருக்கிறது. கேட்க ஒன்றுமில்லாததுபோல இருக்கும். ஆனால் பிஎச் மடக்கை அளவுகோல் என்பது உனக்குத் தெரியும்: 0.1 இறங்கினால் ஹைட்ரஜன் அயனி சுமார் 26 சதவீதம் கூடியது என்று பொருள். ஹவாய்க்கு அருகே 1988 முதல் தொடர்ந்து அளக்கப்படும் நிலையத்தில் ஆண்டுக்கு 0.0017, 0.0018 என்ற வேகத்தில் இறக்கம் தெரிகிறது. வெளியேற்றம் கட்டுக்கடங்காமல் போனால் இந்த நூற்றாண்டின் கடைசிக்குள் இன்னும் 0.3 வரைகூட இறங்கலாம். அப்போதும் கடல் நடுநிலை அளவான 7-க்கு மேலேதான் இருக்கும். யாருக்கும் உடம்பு எரியாது. உயிர்களுக்குச் சிக்கல் வர 7 வரை போகவேண்டியதில்லை. நம் ரத்தத்தின் பிஎச் 7.4-இலிருந்து 0.2 இறங்கினாலே உயிருக்கு ஆபத்து.

கார்பனேட் தேயத் தேய, அடுத்து வரும் வாயுவைத் தாங்கும் சக்தியும் குறைகிறது. ரோஜர் ரெவெல்லும் ஹான்ஸ் சூயஸும் 1957-இல் எழுதிய கட்டுரையோடு சேர்த்துச் சொல்லப்படும் விஷயம் இது: காற்றின் பக்கம் கரியமில வாயு 10 சதவீதம் கூடினால் கடல்நீரின் மொத்தக் கார்பன் ஒரு சதவீதம்தான் கூடுகிறது. அந்தப் பத்துக்கு ஒன்று என்ற விகிதம் நிலையானது அல்ல. கடலில் அமிலத்தன்மை கூடக்கூட அது இன்னும் மோசமாகிறது. அதாவது, இன்று கால் பங்கை வாங்கிக்கொள்ளும் கடல் என்றைக்கும் அப்படியே வாங்கிக்கொண்டிருக்கும் என்று நம்ப முடியாது. இந்தப் பாடத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்துவது இந்த இடம்தான்.

சூடு நேரடியாகப் பிஎச்சை மாற்றாதா என்றும் கேட்கலாம். காற்றே படாமல் அடைத்து வைத்த கடல்நீரை ஒரு டிகிரி சூடாக்கினால் பிஎச் சுமார் 0.015 இறங்கும். திறந்த கடலில் அந்த நீர் கொஞ்சம் வாயுவை விட்டுவிட்டுப் பழைய அளவுக்கு ஏறக்குறையத் திரும்பிவிடும். எனவே இந்த 0.1 இறக்கத்தைச் சூட்டின் தலையில் கட்ட முடியாது. சூடு வேறு வழியில் கெடுக்கிறது: மேல்நீர் சூடாகி இலேசாகிவிட்டால் கீழ்நீரோடு கலப்பது குறையும், ஆழத்துக்கு ஆக்சிஜன் போவது குறையும். வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேல்நீர் 1951 முதல் 2015 வரை சராசரியாக ஒரு டிகிரி சூடாகியிருக்கிறது. அதே காலத்தில் உலகக் கடல்களின் சராசரி 0.7 டிகிரி. நம் கடல் கொஞ்சம் முந்தி ஓடுகிறது. பவளம் வெளுப்பதையும் இதோடு போட்டுக் குழப்பாதே. மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் பவளங்கள் வெளுத்தது சூட்டினால். அமிலத்தன்மை செய்வது வேறு: வெளுத்துப்போன பவளம் திரும்பத் தன் கூட்டைக் கட்டுவதை அது கடினமாக்குகிறது.

இனி நம்ம கரைக்கு வருவோம். உலகச் சராசரியை வைத்துக் குமரிக் கடலைப் புரிந்துகொள்ள முடியாது. காரணம் ஆனி ஆடி.

சித்திரை வைகாசியில் 29, 30 டிகிரியைத் தொடும் மேல்நீர், ஆனி ஆடியில் 25, 26-க்கு இறங்குவதைக் கடலுக்குப் போகிறவர்கள் உடம்பிலேயே உணர்வார்கள். மழையும் மேகமும் மட்டும் காரணமில்லை. குமரி முனையிலிருந்து கேரள எல்லையை ஒட்டிய நீரோடி வரைக்கும் நம் கரை தென்மேற்கைப் பார்த்துக் கிடக்கிறது. பருவக்காற்று மேற்கிலிருந்து கரையோரமாக அடிக்கும்போது, பூமி சுழல்வதால் மேல்நீர் காற்றின் வலப்பக்கமாக விலகிப் போகிறது. நமக்கு வலப்பக்கம் என்பது தெற்கு, திறந்த கடல். மேல்நீர் விலகிய இடத்தை நிரப்ப அடிநீர் மேலே வருகிறது. இந்தியாவின் மேற்குக்கரையில் இந்த மேலெழுச்சி முதலில் தொடங்குவது நம் தென்முனையை ஒட்டித்தான். பிறகு கேரளக் கரையோரமாக வடக்கே நகர்கிறது. அடிநீர் உரச்சத்தோடு வருவதால் நுண்பாசி பெருகும். அதைத் தின்ன நெத்திலியும் சாளையும் வரும், அவற்றைத் தொடர்ந்து பெருமீன்கள் வரும். முனைக்குத் தெற்கே கிடக்கும் வெட்ஜ் பேங்க் என்ற மீன்பிடித் திட்டு இவ்வளவு செழிப்பாக இருப்பதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம்.

அதே அடிநீர் இன்னொன்றையும் கொண்டுவருகிறது. மேலே செத்த பாசியும் மீன்கழிவும் ஆழத்தில் இறங்கி மட்கும்போது ஆக்சிஜனைத் தின்று கரியமில வாயுவைக் கக்குகின்றன. அரபிக்கடலில் சில நூறு மீட்டர் ஆழத்தில் பிஎச் 7.7, 7.8 அளவில்தான் இருக்கும். அந்த நீர் மேலே வந்து வெயில் பட்டுச் சூடாகும்போது வாயு வெளியேறுகிறது. மொத்தக் கணக்கில் அரபிக்கடல் காற்றுக்குக் கரியமில வாயு கொடுக்கும் கடல்தான். பார், உன் சோடா நம் வீட்டு வாசலிலேயே உடைபடுகிறது! இருந்தாலும் இங்கேயும் அமிலத்தன்மை கூடத்தான் செய்யும். முன்பு காற்றில் 280 இருந்தபோது இந்த நீர் தன் பாரத்தை எளிதாக இறக்கிவைத்தது. இப்போது காற்றே 420-இல் நிற்பதால் அவ்வளவு இறக்க முடியவில்லை. மிச்சம் நீரிலேயே தங்குகிறது. மேலும், இப்போது மேலே வரும் அடிநீர் கடைசியாகக் காற்றைத் தொட்டுப் பல பத்தாண்டுகள் ஆகியிருக்கும். அன்றைய காற்றின் அளவைத்தான் சுமந்து வருகிறது. இன்றைய காற்றைத் தொட்ட நீர் இனி வரவேண்டியது. ஏற்கெனவே பிஎச் குறைந்த நீரில் கார்பனேட் கைவசம் குறைவு என்பதால், அதே அளவு வாயு சேர்ந்தாலும் அங்கே இறக்கம் அதிகம்.

இனி சிப்பி. முட்டம், கடியப்பட்டணம், குளச்சல், இனயம் பாறைகளில் மூழ்கி எடுக்கும் பழுப்புச் சிப்பி, கொல்லம் தொடங்கி நம் பக்கம் வரைக்குமான இந்தக் கரைக்கே உரியதுபோல வாழ்கிறது. விழிஞ்ஞம் பக்கம் செய்த ஆய்வுகளின்படி அது முட்டையும் விந்தும் விடுவது பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழை மாதங்களை ஒட்டி. அடிநீர் மேலே வரும் அதே மாதங்கள்! இது தற்செயல் இல்லை, குஞ்சுகளுக்குத் தீனி கிடைக்கும் காலம் அது. காலங்காலமாக அந்த நீரில் பழகிய இனம் என்பதால் அதற்குத் தாங்கும் திறன் கொஞ்சம் உண்டு என்றே நானும் நம்புகிறேன். என் பயம் பெரிய சிப்பியைப் பற்றியது அல்ல. வளர்ந்த சிப்பிக்குத் தோட்டின்மேல் பழுப்புத் தோல் ஒன்று காவலாக இருக்கிறது. முட்டை பொரித்து வரும் குஞ்சுக்கு அது கிடையாது. முதல் இரண்டு நாளுக்குள், தீனி தின்னவே தொடங்காத நிலையில், முட்டையில் கிடைத்த சேமிப்பை மட்டும் வைத்து அது முதல் தோட்டைக் கட்டவேண்டும். அந்தத் தோடு அரகோனைட் என்ற வகைக் கால்சியம் கார்பனேட், எளிதில் கரையக்கூடியது. நீரில் கார்பனேட் குறைந்தால் கட்டுவதற்குச் செலவு கூடும், சேமிப்பு முதலிலேயே தீர்ந்துபோகும்.

இது வெறும் ஊகம் இல்லை. அமெரிக்காவின் ஒரிகன் கரையில், நம்மைப்போலவே அடிநீர் மேலே வரும் இடத்தில், ஆளி (ஆய்ஸ்டர்) குஞ்சு பொரிப்பகம் ஒன்றில் 2007-ஐ ஒட்டிக் குஞ்சுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. முதலில் நோய்க்கிருமி என்று நினைத்தார்கள். கடைசியில் தொட்டிக்கு எடுத்த கடல்நீரே காரணம் என்று தெரிந்தது. காற்றடித்து அடிநீர் வரும் நேரத்தில் நீர் எடுப்பதைத் தவிர்த்தும், எடுத்த நீரின் காரத்தன்மையைக் கூட்டியும் தொழிலைக் காப்பாற்றினார்கள். அதே பசிபிக் கரைச் சிப்பியில் 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, கரியமில வாயு மிகுந்த நீரில் அது பாறையைப் பற்றும் நார் வலுவிழப்பதைக் காட்டியது. நம் பழுப்புச் சிப்பிக்கும் அப்படியே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆடிமாத அலையில் பாறையைப் பிடித்து நிற்கவேண்டிய ஓர் உயிருக்கு அந்த நார்தான் எல்லாம்.

சுண்ணாம்பைக் கொண்டுபோய்க் கடலில் கொட்டினால் சரியாகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. சுண்ணாம்பு எப்படி வருகிறது என்று நம் ஊரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். தின்று கழித்த சிப்பித்தோட்டைக் காளவாயில் போட்டுச் சுடுவார்கள். 100 கிலோ சுத்தமான தோடு 56 கிலோ சுட்ட சுண்ணாம்பையும் 44 கிலோ கரியமில வாயுவையும் கொடுக்கும். எரிக்கும் விறகோ கரியோ விடுவது தனி. அந்த வாயுவைப் பிடித்து அடைக்க வழியில்லாமல் சுண்ணாம்பு கொட்டுவதில் மிஞ்சுவது சொற்பம். ஒரு பொரிப்பகத்துத் தொட்டிக்கு அது சரி, குமரிக் கடலுக்குச் சரிவராது.

நம் கையில் இருப்பது வேறு. மணக்குடியில் பழையாறும், தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறை ஆறும் கொண்டுவந்து சேர்க்கும் சாக்கடையும், காயலில் ஊறப்போடும் தேங்காய்க் கதம்பையும் ஆழ்கடலில் நடக்கும் அதே மட்கலைக் கழிமுகத்திலேயே நடத்துகின்றன: ஆக்சிஜன் குறைகிறது, கரியமில வாயு கூடுகிறது. உலகக் காற்றை நம் மாவட்டம் தனியாக மாற்ற முடியாது. ஆனால் சிப்பிக் குஞ்சு ஒட்டும் பாறைக்குப் பக்கத்தில் வந்துவிழும் இந்தக் கூடுதல் பாரத்தை நம்மால் குறைக்க முடியும். அதற்கு நகராட்சியும் ஊராட்சியும் சுத்திகரிப்பு நிலையங்களை உண்மையாகவே ஓட்டவேண்டும்.

கடைசியாக, நீ மாணவன் என்பதால் ஒன்று. கல்லூரி லேபில் இருக்கும் பிஎச் மீட்டரை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடாதே. அது 0.05, 0.1 என்று தள்ளாடும், ஆண்டுக்கு 0.002 இறங்குவதை அதில் பார்க்கவே முடியாது. அதற்கு மெட்டா கிரிசால் பர்ப்பிள் என்ற சாயத்தைக் கலந்து நிறமாலைமானியில் அளப்பார்கள். உன்னால் உருப்படியாகச் செய்யக்கூடியது வேறொன்று. நல்ல வெப்பமானி ஒன்று வாங்கு. வைகாசி கடைசியிலிருந்து ஆவணி வரை, விடிகாலையில், தினமும் ஒரே பாறையருகே நீரின் வெப்பநிலையை எழுதிவை. அன்றைய காற்று எந்தப் பக்கம், நீரின் நிறம் என்ன என்பதையும் சேர்த்து எழுது. பிறகு ஐப்பசி வாக்கில் அதே பாறையில் ஒரு சாண் சதுரத்தில் எத்தனை சிப்பிக் குஞ்சு ஒட்டியிருக்கிறது என்று எண்ணு. சிப்பி எடுக்க மூழ்குகிறவர்களிடம் கேட்டால், எந்தப் பாறையில் எந்த ஆண்டு குஞ்சு பிடிக்கவில்லை என்று உனக்கு முன்னாலேயே சொல்லிவிடுவார்கள். அதையும் தேதியோடு குறித்துக்கொள். மூன்று நான்கு ஆண்டு எழுதினால், தண்ணீர் சில்லென்று இறங்கிய ஆண்டுகளில் குஞ்சு கூடுதலாகப் பிடித்ததா குறைவாகப் பிடித்ததா என்பது உன் நோட்டிலேயே தெரிய ஆரம்பிக்கும். அந்த நோட்டோடு விழிஞ்ஞத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்குப் போ.